முன் சீட்டுக்குக் கீழே சிராப்

அன்று வீட்டுக்கு வந்து அப்பா காரை விட்டு இறங்கியபோது அவருடைய ரப்பர் ஜப்பான் சிலிப்பர் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. குனிந்து பார்த்தேன். கார் நிறுத்தும் போர்ச்சின் சிமெண்டில் ஈரத் தடம். காருக்குள் அவர் கால் வைத்திருந்த இடத்தில் டிஷ்யூவை வைத்து ஒற்றினேன். ரோஸ் நிறம். முகர்ந்தால் இனிப்பு வாடை, விரலில் பிசுபிசுப்பு. கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது எனக்கு.

சிராப் என்று நாங்கள் சொல்வது ரோஜா நிறச் சர்க்கரைத் தண்ணீர். பேராக்கில் அது இல்லாமல் கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி இல்லை. நான் தமிழ்ப் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இருபது வருடமாகப் பாயிலும் சட்டையிலும் கதைப் புத்தகத்திலும் கொட்டிய சிராப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். கறையைப் பார்த்து எந்தப் பிள்ளை எப்போது கொட்டியது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளிடமே இந்த விளையாட்டா என்றுதான் முதலில் தோன்றியது.

"என்னாப்பா இது?"

"எது?"

"கீழ. சிராப்புதானே?"

அப்பா குனிந்து பார்த்தார். அவருக்குக் குனிவதே சிரமம். "தெரியலம்மா. காடி தண்ணியா இருக்கும். ரேடியேட்டர் தண்ணி."

"ரேடியேட்டர் முன்னால இருக்கு. நீங்க உள்ள உக்காந்திருக்கீங்க. அது என்ன, கதவ தொறந்துக்கிட்டு நடந்து வந்துச்சா?"

காடி என்றால் எங்கள் பேச்சில் கார். சும்மா சொன்னவர் இல்லை அவர். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில் எங்கள் தோட்டம் வீட்டுமனையாகிறவரை, ரப்பர்ப் பால் ஏற்றும் லோரியை அவர்தான் ஓட்டினார். அந்த லோரி எந்த இடத்தில் எந்தத் தண்ணீரை ஒழுகவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த லோரியின் ரேடியேட்டரில் ஊற்றியது ஆற்றுத் தண்ணீர். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அதனால் இந்த ரோஸ் தண்ணீரைப் பற்றி அவரால் மேலே ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததை நான் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈப்போவில் டயாலிசிஸ். நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், அதிலேயே காப்பியும் ரசமும் அடக்கம். இனிப்பு அறவே கூடாது. கூடுதலாகக் குடித்தால் அது உடம்பிலேயே தங்கி நெஞ்சை அடைக்கும். அவரை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு. என் பொறுப்பு என்றால் என் பொறுப்புதான், வேறு யாரும் வந்து பங்கு கேட்கவில்லை.

என் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் பீடோரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். நான் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்த பத்து நிமிடத்தில் மனுஷன் மூன்று கிளாஸ் சிராப்பை ஐஸ் போட்டுக் குடித்திருக்கிறார். அடுத்த நாள் மூச்சு வாங்கி, முகம் வீங்கி, டயாலிசிஸ் தாதி என்னைத் திட்டாத திட்டு இல்லை. அன்றைக்கு அவரே ஒப்புக்கொண்டார். "ஆச தாங்கலம்மா" என்றார். இனிமேல் இல்லை என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

ஆகவே கார்ப்பெட்டில் ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் நான் வேறெதையும் யோசிக்கவே இல்லை. "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினேன்.

மறுநாளிலிருந்து வேவு பார்க்க ஆரம்பித்தேன். அந்த வார்த்தையை இப்போது எழுதவே கூசுகிறது, ஆனால் நான் செய்தது அதைத்தான். அவர் காலடியில் பழைய தமிழ்ப் பேப்பரை விரித்தேன். ஓட்டும்போது ஒரு கண் ரோட்டில், ஒரு கண் அவர் காலடியில். வழியில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்க இறங்குவேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் பேப்பரின் ஓரம் நனைந்திருக்கும். ஓடும்போது காய்ந்திருந்த பேப்பர் நான் இறங்கிப் போன பிறகு நனைகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவருடைய துணிப்பையைக் குடைந்தேன். ஒரு போர்வை, ஒரு சீப்பு, தீப்பெட்டி அளவுக்கு மடித்த ஒரு கைக்குட்டை. புட்டி இல்லை. ஜன்னல் வழியே தூக்கிப் போட்டிருப்பார் என்று முடிவு செய்தேன்.

டயாலிசிஸ் மையத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் போய், "இவருக்கு எதுவும் விக்காதீங்க, கையெடுத்துக் கும்புடறேன்" என்றேன். அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வை, திருட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. அவர் கீழே பார்த்தார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அந்தத் தராசு காட்டிக் கொடுத்துவிடும். அந்த வாரங்களில் அப்பாவின் எடை அளவாகத்தான் இருந்தது. தாதிகூட, "இப்ப நல்லா கட்டுப்பாடா இருக்காரு அக்கா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க தராசு கெட்டுப் போயிருக்கும். இவரு காடியில சிராப் குடிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன்." ஆறேழு பேர் படுத்திருக்கிற அறை அது. எல்லோரும் தமிழ் தெரிந்தவர்கள். நான் பாலர் பள்ளிக் குரலில் பேசுகிறவள். கண்ணால் பார்த்தது கறையை மட்டும்தான்.

அப்பா படுக்கையில் ஏறி, கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதே நாட்களில்தான் முன் கண்ணாடி மங்க ஆரம்பித்தது. ஏர்கோன் போட்டால் உள்பக்கம் எண்ணெய் தடவியது போல ஒரு படலம். துடைத்தால் இழுபட்டு இன்னும் மோசமாகும். மழையில் எதிரே வரும் லோரி தெரியாது. ஏர்கோன் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கடைக்காரன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி போற குழாய் அடைச்சிருக்கு அக்கா, அதான் உள்ள ஈரம்" என்றான். காற்று அடித்தான், "செட்டில்" என்றான். ரோஸ் தண்ணீரைப் பற்றி அவனிடம் நான் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? அது அப்பா கொட்டியது, காரின் கோளாறு இல்லை. வீட்டு மானத்தைக் கடையில் போய் விற்பானேன் என்று இருந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தாதி போன் செய்தாள். அப்பாவுக்கு நடுவில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, காலில் நரம்பு இழுத்துக் கத்திவிட்டார், உடனே வாருங்கள் என்றாள். எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. போனபோது உப்புத் தண்ணீர் ஏற்றியிருந்தார்கள். அப்பாவின் உதடு வெடித்து வெள்ளையாகக் கிடந்தது.

தாதி என்னை வெளியே அழைத்து வந்தாள். "அக்கா, இவரு தண்ணியே குடிக்கிறதில்ல போல. சாப்பாடும் சரியா இல்ல. எடை ரொம்பக் கம்மியா வந்துச்சு. கேட்டேன். மூனு நாளா ரெண்டு மொடக்குதான் குடிச்சேன்னு சொல்றாரு."

"ஏன் அப்படிச் செய்யணும்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தராசுல கொறச்சு காட்டுனாதான் என் மக நம்புவான்னாரு."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதனால் அவர் மேலேயே பட்டேன். இவ்வளவு வயதாகி இப்படியா அடம் பிடிப்பது, செத்துத்தான் நிரூபிக்க வேண்டுமா என்று மனதுக்குள் கத்தினேன். காரில் ஏற்றி உட்கார வைத்தபோதுகூட என் கண் அவர் காலடிக்குத்தான் போனது. பழக்கம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதி தூரம் வந்திருப்போம். கண்ணாடி மறுபடியும் மங்கியது. இனிப்பு வாடை குப்பென்று அடித்தது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன், சிவப்பை ஒட்டி நின்றது. ஓரமாக நிறுத்தினேன். நிறுத்திய கையோடு குனிந்து பேப்பரைத் தொட்டேன். நனைந்திருந்தது. 'இன்றைக்குமா, இந்த உடம்போடுமா' என்று திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கையில் பட்ட ஈரம் சுட்டது.

சிராப் சுடாது. ஐஸ் போட்டுத்தான் குடிப்பார்கள்.

அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. இறங்கிப் போய் எதிர்ப் பக்கத்தில் இருந்த பட்டறையில் ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். கார் பழுது பார்ப்பவரை எங்கள் பக்கம் பொமன் என்போம். முப்பது வயது இருக்கும் அந்தப் பொமனுக்கு, நம் ஆள்தான். காரைப் பட்டறைக்குள் தள்ளிக் கொண்டு வந்தார், அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டு மின்விசிறியைத் திருப்பி வைத்தார்.

இஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, காலடிக் கார்ப்பெட்டில் கையை அழுத்தி, இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார். மொத்தம் மூன்று நொடி.

"இது கூலண்ட் அக்கா. இஞ்சின ஆத்துற தண்ணி."

"இஞ்சின் வெளிய இருக்கு. இது எப்படி உள்ள வரும்?"

நான் அப்பாவிடம் கேட்ட அதே கேள்வி. அவர் கிண்டல் செய்யவில்லை. அப்பா சீட்டுக்கு முன்னால் சாமான் வைக்கும் சிறு பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே, டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு குட்டி ரேடியேட்டர். பெட்டிக்குள் அடங்கிய பெட்டி. "இது ஜப்பான்ல ஓடி, பழுது பாத்து இங்க வந்த ரீகோன் காடி. அங்க குளிர் அக்கா, உள்ள சூடு வைக்கணும். அதுக்கு இஞ்சின் தண்ணிய இது வழியா சுத்த விடுவான். இதுதான் ஓட்டையாயிருச்சு."

"ஹீட்டரா?"

"ஹீட்டர்தான்லா."

ஈப்போ வெயிலில் ஹீட்டர். நாங்கள் காரில் ஏறினால் முதலில் ஏர்கோனைத் தேடுகிறவர்கள். ஒரு நாளும் நான் தொடாத, தொடத் தேவையே இல்லாத ஒரு பொருள் என் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பொமன் ரேடியேட்டர் மூடியில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தினார். அதிலிருந்த அழுத்த முள் ஏறியது, பிறகு நிற்காமல் மெதுவாக இறங்கியது. உள்ளே டிக், டிக் என்று சொட்டு விழுந்தது. "ஓடும்போது காத்துல அங்க இங்க போயிரும். நிறுத்துனீங்கன்னா, சூட்டுல அழுத்தம் இருக்கும் பாருங்க, அப்பதான் கீழ எறங்கும்" என்றார். நான் நாசி லெமாக் வாங்கப் போன ஐந்து நிமிடங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கண்ணாடியில் படிந்த எண்ணெயும் இதன் ஆவிதான் என்றார்.

டார்ச்சை இன்னும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு 'ச்சு' கொட்டினார். யாரோ ஏற்கெனவே ஓட்டையில் பசை வைத்து அடைத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் காரை எனக்கு விற்றவன், பூ வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழமும் வைத்துக் கொடுத்தான். உள்ளே பசையையும் வைத்திருக்கிறான். அவன் மட்டும் அப்போது என் முன்னால் நின்றிருந்தால் அந்த டார்ச்சாலேயே அடித்திருப்பேன்.

"நாய் கீய் நக்குனா செத்துரும் அக்கா, இனிப்பா இருக்கும் பாருங்க. விஷம். கிட்னிய காலி பண்ணிரும்."

நாற்காலியிலிருந்து அப்பா முதல் தடவையாகப் பேசினார். "அது எனக்கு ஏற்கனவே காலிப்பா."

பொமன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார். "ஆனா கார்ப்பெட்டு அடி வரைக்கும் ஊறியிருக்கு. ரொம்ப நாளா ஒழுகியிருக்கும். உக்காந்து வாரவங்க யாரும் ஒன்னும் சொல்லலயா அக்கா?"

"இல்ல" என்றேன். "யாரும் சொல்லல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. வெட்கம்தான், வேறென்ன. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நான் முட்டாளாகத் தெரியக்கூடாது. அப்பா நாற்காலியில் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே 'காடி தண்ணி' என்று சொன்னவர். அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழுது பார்ப்பது பெரிய வேலை இல்லை. புது ஹீட்டர் போட வேண்டுமானால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், நமக்கு எதற்கு என்றார் பொமன். இஞ்சினிலிருந்து உள்ளே போகும் குழாய், திரும்பி வரும் குழாய், இரண்டையும் வெளியிலேயே வளைந்த ஒரு குழாயால் சேர்த்துவிட்டார். தண்ணீர் உள்ளே வராமல் அப்படியே திரும்பிவிடும். புது கூலண்ட் ஊற்றி, பம்பை மாட்டி அழுத்திக் காட்டினார். முள் அசையவில்லை. முன் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, அடியில் இருந்த பஞ்சைப் பிழிந்தபோது ஒரு வாளிக்குக் குறையாமல் ரோஸ் தண்ணீர் வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவையும் அப்பா குடித்ததாகத்தான் நான் கணக்கு வைத்திருந்தேன்.

கார்ப்பெட்டு வெயிலில் காய்வதற்கு இரண்டு நாள் ஆனது. வியாழக்கிழமை அப்பா பக்கத்து வீட்டுக்காரர் காரில் டயாலிசிஸுக்குப் போய் வந்தார். அந்த இரண்டு நாளும் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தேன். எனக்கு அது வராது. பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக் கொடுப்பேன், "மன்னிச்சிருன்னு சொல்லு, கைய குடு" என்று. எனக்கு வாயில் நுழையாது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை 'டக்'கென்று வைத்துவிட்டு, கோபமாகவே சொன்னேன்.

"காடி தண்ணிதானாம். நீங்க சொன்னது சரி. போதுமா?"

"ம்" என்றார். தண்ணீரில் பாதியைக் குடித்தார்.

அவ்வளவோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடித்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

சனிக்கிழமை காலை காரை வாசலில் நிறுத்தி இடது பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். கார்ப்பெட்டு சோப்பு மணத்தது. சீட்டைப் பின்னால் தள்ளி அவருக்கு வசதியாக வைத்திருந்தேன். அப்பா துணிப்பையோடு வந்தார். திறந்திருந்த கதவை மெல்லச் சாத்தினார். பின் கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, கஷ்டப்பட்டு ஏறி உட்கார்ந்தார்.

"அப்பா, முன்னால எல்லாம் காஞ்சிருச்சு. வாங்க."

"இங்கயே இருக்கேம்மா. போலாம்."

"ஏன்? பின்னால ஏற எறங்கக் கஷ்டம். கால் வேற வலிக்குது உங்களுக்கு. நல்லாத்தானே இருக்கு முன்னால? நானே தேச்சுக் கழுவுனேன். அப்புறம் என்ன?"

குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே கேட்டது. அப்பா பையை மடியில் வைத்து அதன் வாரைச் சரி செய்தார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"முன்னால உக்காந்தா நீ என் காலயே பாத்துக்கிட்டு வார."

நான் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். வேகமாக ரிவர்ஸ் எடுத்ததில் துளசித் தொட்டி இடித்து உடைந்தது. இறங்கிப் பார்க்காமல் அப்படியே ஓட்டினேன். ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் அவர் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறார்.